திருடுபோன நாலு பர்சென்ட்

சுந்தரராமன் சார் என்னை ஆக்சிஜன் திருடன் என்று சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், டீ வந்த நேரம். 2006ஆம் வருஷம், டிசம்பர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்கு டீ இறங்கவில்லை.

நான் வேலை பார்க்கிற கடை தொம்மலூர் பழைய ஊருக்குள், பால் பூத்தைத் தாண்டி இரண்டாவது சந்து. கடலுக்குள் முங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கடை. பெங்களூரில் கடல் ஏது என்று என் சம்சாரம் தமயந்தி இன்றைக்கும் கேட்கிறாள். கடல் இல்லைதான். நீச்சல் குளத்தில் பழக்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனில் ஏற்றினால் விடிகிறபோது மேற்குக் கடற்கரை. அங்கே படகு உண்டு, காற்று நிரப்புகிற மெஷின் கிடையாது. அதனால் முதுகில் கட்டுகிற சிலிண்டரெல்லாம் இங்கேயே நிரம்பி வேனில் போகும். நிரப்புகிறவன் நான்.

இதற்கு முன்னால் பதினேழு வருஷம் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கினேன். வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. ஈஜிபுரா டைலர் அளவெடுக்கும்போது "நேரா நில்லுங்கண்ணே" என்பார். இதுதான் எனக்கு நேர். கடைக்காரி மௌரீன் மேடம் என்னை வேலைக்கு எடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆக்சிஜன் கிட்ட எது வரக் கூடாது?"

"எண்ணெய் மேடம். பத்திக்கும்."

"நாளையிலேர்ந்து வா."

அன்றைக்கு விட்டதுதான், கலவை போடுகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. "கடலுக்குப் போறது யாரோ, காஞ்சி போறது உன் தலை" என்பாள் தமயந்தி.

கலவை என்றால் இதுதான். நாம் மூச்சு விடுகிற காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன். மீதி ஏறக்குறைய எல்லாமே நைட்ரஜன். கடலடியில் இருக்க இருக்க அந்த நைட்ரஜன் உடம்பில் ஊறிக்கொண்டே போகும், அதனால் அதிக நேரம் இருக்க முடியாது. ஆகவே ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்து ஒரு காற்று செய்வார்கள். நைட்ராக்ஸ் என்று பெயர். அதை மூச்சு விட்டால் கீழே கொஞ்சம் கூடுதலாக உலாவலாம். அதற்கும் கூலி உண்டு. ஆக்சிஜன் ஏற ஏற, போகிற ஆழம் குறைய வேண்டும். முப்பத்திரண்டு பர்சென்ட் என்றால் முப்பத்துமூன்று மீட்டர். முப்பத்தாறு என்றால் இருபத்தெட்டு மீட்டர். அதற்குக் கீழே போனால் உயிர் கொடுக்கிற அதே ஆக்சிஜன் வலிப்பைக் கொடுக்கும். தரையில் வலிப்பு வந்தால் நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். தண்ணிக்குள் வந்தால் வாயிலிருக்கிற குழாய் கழன்றுவிடும். அவ்வளவுதான்.

சுந்தரராமன் சார் ரிடையர் ஆன இன்ஜினியர். ஏரி, வாய்க்கால் என்று மாநில அரசாங்கத்தில் முப்பத்துநாலு வருஷம் லெவல் பார்த்தவர். தாத்தா காலத்திலேயே மல்லேஸ்வரத்துக்கு வந்துவிட்ட குடும்பம். பூக்காரியிடம் கன்னடம், பெண்டாட்டியிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். அறுபத்தொன்று முடியப் போகிறது. அடுத்த வருஷத்திலிருந்து கடலுக்குப் போகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்டார். இதுதான் கடைசிப் பயணம்.

இந்தக் கடைசிப் பயணத்தில் அவருக்கு ஒரு பாறை வேண்டியிருந்தது. தீவுக்குப் பக்கத்தில், முப்பத்திரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு பாறையின் இடுக்கில் ஆள் உயரக் களவா மீன் ஒன்று வருஷக்கணக்காகக் குடியிருக்கிறதாம். எங்கள் கடைப் பயிற்சியாளர் ரோஹன் அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டியிருந்தான். அன்றிலிருந்து சாருக்கு வேறு நினைப்பில்லை.

அவருடைய வீட்டம்மா அலர்மேல்மங்கை அம்மா சொல்வார்கள்: "பக்கத்தாத்துல மீன் வறுத்தா ஜன்னலைச் சாத்துவார். இப்ப ஒரு மீன் மூஞ்சியைப் பார்க்க நானூறு மைல் போறார்."

ஆனால் மௌரீன் மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ஐம்பது வயசு, பேச்சு ஒரு தரம்தான். "உங்க வயசுக்கு இருபத்தெட்டு மீட்டரே ஜாஸ்தி சார். முப்பத்தாறு கலக்கச் சொல்லிட்டேன்." முப்பத்தாறு கலந்துவிட்டால் இருபத்தெட்டுக்குக் கீழே போக முடியாதல்லவா, அதற்குத்தான். சார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

நான் நாலு சிலிண்டரில் கலவை போட்டேன். சாருக்கு இரண்டு, கூட முங்கப் போகிற மேடத்துக்கு இரண்டு. காலிச் சிலிண்டரில் முதலில், கேஜ் என்கிற அழுத்தமானி முப்பத்தெட்டு பார் காட்டுகிற வரைக்கும் ஆக்சிஜன், அதன் மேலே இருநூறு வரைக்கும் சுத்தம் செய்த காற்று. அப்படிச் செய்தால் முப்பத்தாறு பர்சென்ட் வரும். நாலும் ஒரே மாதிரி. நோட்டில் எழுதிவைத்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். நிரப்பினவன் வாய்ச்சொல் செல்லாது. முங்குகிறவர் எவரோ அவரே தன் சிலிண்டரை அனலைசர் என்கிற கையடக்க மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஆக்சிஜன் எத்தனை பர்சென்ட் என்று காட்டும். காட்டியதை அவரே டேப்பில் எழுதி, போகக்கூடிய ஆழத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சிலிண்டர் கழுத்தில் ஒட்ட வேண்டும். பிறகு அதே எண்ணைத் தன் டைவ் கம்ப்யூட்டரிலும் போட்டு மேடத்திடம் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் என்றால் மேசைக் கம்ப்யூட்டர் இல்லை, மணிக்கட்டில் கட்டுகிற தடித்த வாட்ச். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் பாக்கி என்று கடலுக்குள் கணக்குச் சொல்லும். எல்லையைத் தொட்டால் கத்தும். சாருடைய வாட்சை அமெரிக்காவிலிருக்கிற பிள்ளை அனுப்பியிருந்தான். கூட வந்த தொண்ணூற்றாறு பக்கப் புத்தகத்தை சார் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்து முடித்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சார் அனலைசரைத் தன் முதல் சிலிண்டரில் வைத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்திரண்டு புள்ளி மூணு!"

இரண்டாவது சிலிண்டரும் அதேதான். அவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

"ஏம்பா உத்தமா, மேடம் முப்பத்தாறு ஆர்டர் போட்டா. நாலு பர்சென்ட் எங்கே? ஆத்துக்கு எடுத்துண்டு போயிட்டியா?"

"நான் ஏன் சார் எடுக்கப் போறேன்? ஊட்ல காத்துக்கா பஞ்சம்?"

"ஆக்சிஜன் திருடன்னு கேள்விப்பட்டதே இல்லை. இன்னிக்குக் கண்ணால பார்க்கறேன். ஆனா நல்ல திருடன். எனக்குன்னு திருடியிருக்கான்!"

மேடம் வந்து தன்னுடைய இரண்டையும் வைத்துப் பார்த்தார். முப்பத்திரண்டு புள்ளி நாலு. முப்பத்திரண்டு புள்ளி மூன்று.

"உத்தமன், நான் முப்பத்தாறுதானே கேட்டேன்?"

"முப்பத்தெட்டு பார் உட்டேன் மேடம். நாலுத்துக்கும்."

"கேஜ் பாக்கறப்போ கண்ணாடி போட்டிருந்தியா?"

கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது போட்டு என்ன பயன் என்கிற மாதிரி மேடம் பார்த்தார்.

"சரி. ரூல் ரூல்தான். மெஷின் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதணும். முப்பத்திரண்டு. மேக்சிமம் முப்பத்துமூணு மீட்டர்." அப்புறம் சாரைத் திரும்பிப் பார்த்து, "ரொம்பப் பல்லைக் காட்டாதீங்க சார். பாறையைப் பாத்ததும் மேல வந்துடணும். அங்க உக்காந்து மீனுக்கு அஷ்டோத்திரம் சொல்லக் கூடாது" என்றார்.

சார் டேப்பில் பெரிய எழுத்தில் 32 என்று எழுதினார். ஐந்து வயசுப் பையன் ஸ்லேட்டில் எழுதுகிற மாதிரி நாக்கை உதட்டோரத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். கையெழுத்தை இரண்டு தரம் போட்டார்.

அலர்மேல்மங்கை அம்மா வாசலோர நாற்காலியில் பிளாஸ்க்கும் புளியோதரைத் தூக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். சார் வாட்சில் பித்தானை அமுக்கி அமுக்கி இருபத்தொன்றிலிருந்து முப்பத்திரண்டுக்கு ஏற்றுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

"ஏன்னா, இவ்வளவு காசு போட்டு வாங்கினது, சிலிண்டர்ல என்ன இருக்குன்னு அதுவே தெரிஞ்சுக்காதா?"

"தெரிஞ்சுக்காது. நாமதான் சொல்லணும்."

"தப்பாச் சொன்னா?"

"தப்பாவே நம்பும்."

"அப்ப அதுக்கு மூக்கு இல்லைன்னு சொல்லுங்கோ."

"மூக்கும் இல்லை, ஞாபகமும் இல்லை," என்றார் மேடம். "ஒரு தரம் முங்கி மேல வந்ததும் போட்ட நம்பரை மறந்துடும் மாமி. அடுத்த சிலிண்டருக்கு மறுபடி போடணும். போடலைன்னா சந்தேகப்பட்டுக்கிட்டு ரொம்பக் கண்டிப்பா நடந்துக்கும்."

"நம்பறது இவர் மாதிரி, மறக்கறது இவர் மாதிரி, சந்தேகம் மட்டும் என் மாதிரி. பொருத்தமாத்தான் அனுப்பியிருக்கான் பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய் காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு வயசில் எழுத்துக் கற்றவன் நான். நோட்டில் நானே எழுதியதை நானே முழுசாக நம்புவதில்லை. மற்றவர்கள் எழுதியது என்றால் அது எனக்குச் சட்டம். பஸ்ஸில் கை நீட்டாதே என்று எழுதியிருந்தால் வேர்த்துக் கொட்டினாலும் நீட்ட மாட்டேன். இப்போது மெஷின் முப்பத்திரண்டு என்கிறது, நோட்டு முப்பத்தெட்டு பார் என்கிறது. மெஷின் வெளிநாட்டுக்காரன் செய்தது. நோட்டு உத்தமன் எழுதியது. யாரை நம்புவாய் என்று என்னைக் கேட்டால் நான் மெஷின் பக்கம்தான் கை தூக்குவேன்.

ஆனால் என் தோள் ஒத்துக்கொள்ளவில்லை. பதினேழு வருஷம் ஆக்சிஜன் சுமந்த தோள். நாலு சிலிண்டருக்கும் நான் வால்வைத் திருப்பிப் பிடித்து நின்ற நேரம் அதற்குத் தெரியும்.

எழுந்துபோய், கலவைக்கு ஆக்சிஜன் எடுத்த பெரிய சிலிண்டரின் கேஜைப் பார்த்தேன், இந்தத் தரம் கண்ணாடியோடு. காலையில் நூற்றைம்பது இருந்தது. இப்போது நூற்றுப்பத்து. நான் குறைத்து விட்டிருந்தால் நூற்றிருபதுக்கு மேலே நின்றிருக்க வேண்டும். சோப்புத் தண்ணி கரைத்துக் குழாய் இணைப்பெல்லாம் தடவினேன். ஒரு நுரைகூடக் கிளம்பவில்லை. கசியவும் இல்லை. அப்படியானால் ஆக்சிஜன் அந்த நாலு சிலிண்டருக்குள்தான் போயிருக்கிறது. முழுசாகப் போயிருக்கிறது.

அப்போதுதான் வாட்ச் ஞாபகம் வந்தது. உள்ளே இருப்பது முப்பத்தாறு என்றால், சார் வாட்சில் இருப்பது பொய். இருபத்தெட்டில் கத்த வேண்டிய வாட்ச் முப்பத்துமூன்று வரைக்கும் வாயைத் திறக்காது. நடுவில் ஐந்து மீட்டர் ஊமை. அந்த ஐந்து மீட்டருக்குள்தான் பாறை. சார் அங்கே மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். வலிப்பு கண்டிப்பாக வரும் என்று சொல்ல முடியாது. வரவே வராது என்று கையெழுத்துப் போடவும் ஆள் கிடையாது.

தலைக்கு மேலே ஒரு பிளேன் ஏர்போர்ட்டுக்கு இறங்கியது. கூரைத் தகடு அதிர்ந்தது. மணி நாலரை. வேன் ஆறு மணிக்கு.

நேராகப் போய்ச் சொன்னால் என்ன சொல்வார்கள்? கண்ணாடி போடாத உத்தமன் மெஷினைக் குறை சொல்கிறான் என்பார்கள். சார் பாறையைக் கெடுக்க வந்துவிட்டான் என்பார். நான் சொன்னது தப்பாகிப்போனால், ஒரு மனுஷனுடைய கடைசி ஆசையை என் சந்தேகத்துக்காகக் கெடுத்தவன் ஆவேன்.

மூலையில் குளத்து வகுப்புக்கு வைத்திருந்த சிலிண்டர்கள் நின்றன. அதிலெல்லாம் வெறும் காற்று. நான் எதையும் கலக்காத காற்று. அதில் தப்பு செய்ய எனக்கு வழியே இல்லை.

முன்கட்டுக்குப் போய் மேசையிலிருந்த அனலைசரை எடுத்தேன்.

"என்ன உத்தமா, களவாடினவனே தேடிப் பார்க்கறானா?" என்றார் சார்.

"தடயம் பாக்கறேன் சார்."

வெறும் காற்றுச் சிலிண்டரில் வைத்தேன். இருபத்தொன்று காட்ட வேண்டும், சரியாகச் சொன்னால் இருபது புள்ளி ஒன்பது. பதினெட்டு புள்ளி எட்டு காட்டியது.

இன்னொரு சிலிண்டர். பதினெட்டு புள்ளி எட்டு.

மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் சந்துக் காற்றில் நீட்டினேன். பதினெட்டு புள்ளி எட்டு.

"மேடம், தெருவுலயும் ரெண்டு பர்சென்ட் காணோம். இதையும் நான்தான் திருடினேனா?"

மேடம் எழுந்து வந்தார். சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார். "பெங்களூர் டிராஃபிக்குக்கு பதினெட்டே ஜாஸ்தி. சில்க் போர்டு சிக்னல்ல போய்ப் பாரு, பன்னண்டுதான் காட்டும்."

"சார், வெளையாட்டு இல்ல," என்றேன். "காத்தையே கொறைச்சுச் சொல்ற மெஷினு, கலவையை மட்டும் சரியாச் சொல்லுமா?"

மேடம் அனலைசரை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. வெளிக்காற்றில் பிடித்து, அந்தக் குமிழைத் திருகி, இருபது புள்ளி ஒன்பதுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். இப்போது குமிழின்மேல் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. அதில் ரோஹன் கொட்டை எழுத்தில் 'தொடாதே' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். திங்கட்கிழமை கடற்கரையிலிருந்து வேனில் வந்து இறங்கியபோதே டேப்போடுதான் வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தொடவில்லை. நாலு நாளாகத் தொடவில்லை. தூசி துடைக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுத்தான் துடைத்தேன்.

ரோஹன் படகு வேலைக்காக முன்னாலேயே கடற்கரைக்குப் போயிருந்தான். மேடம் போன் போட்டார். அவன் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஆமா மேம், இங்க ஜெட்டிலதான் செட் பண்ணேன். பக்காவா ட்வென்ட்டி பாயின்ட் நைன். ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் சும்மனே திருகிட்டே இருந்தாங்க, அதான் டேப் போட்டேன்."

"அப்போ அங்க சரியா இருந்தது, இங்க ஏன் தப்பாச்சு?" என்றார் மேடம், போனை வைத்துவிட்டு. தூக்கி வரும்போது அடிபட்டிருக்குமோ என்று மெஷினைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார்.

சார் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகத்திலிருந்த கல்யாணம் மெல்ல மெல்லக் கலைந்தது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். மெஷின் கெட்டுப்போச்சு, முப்பத்திரண்டே இருக்கட்டும் என்று சாதித்திருக்கலாம். எனக்கும் மேடத்துக்கும் காரணம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தொள்ளாயிரத்து இருபது மீட்டர்," என்றார்.

"என்னது சார்?"

"இந்த ஊர். கடல் மட்டத்துலேர்ந்து தொள்ளாயிரத்து இருபது மீட்டர் உயரம். முப்பத்துநாலு வருஷமா இதை வெச்சுத்தான் லெவல் போட்டேன். இங்க காத்து பத்துல ஒரு பங்கு லேசு. இந்த மெஷின் ஆக்சிஜனோட அழுத்தத்தைப் பார்த்துத்தான் பர்சென்ட் சொல்றது. கடலோரத்துல திருகி வெச்சுட்டு இங்க கொண்டுவந்தா எல்லாத்தையும் பத்துல ஒரு பங்கு கொறைச்சுத்தான் சொல்லும். இருபத்தொண்ணைப் பத்தொம்பதுங்கும். முப்பத்தாறை..." அங்கே நிறுத்திவிட்டார்.

"முப்பத்திரண்டுங்கும்," என்று முடித்தார்கள் அலர்மேல்மங்கை அம்மா. பிறகு, "ஊர் ஒசரத்துல இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்கினவர், தன் சிலிண்டர் விஷயத்துல மட்டும் மறந்துட்டாரே" என்றார்கள். கேலிதான். ஆனால் சொல்லும்போது எழுந்து வந்து சார் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

மேடம் அனலைசரை என்னிடம் நீட்டினார். "பிரி."

"இதுல தொடாதேன்னு..."

"நான் சொல்றேன், பிரி மேன்."

நகத்தால் டேப்பைக் கிளப்பினேன். குமிழைத் திருகினேன். வாசல் காற்றில் இருபது புள்ளி ஒன்பது வந்து நின்றது. முதல் சிலிண்டரில் வைத்தேன். முப்பத்தாறு. இரண்டாவது, முப்பத்தாறு. மேடத்துடைய இரண்டில் ஒன்று முப்பத்தாறு, ஒன்று முப்பத்தாறு புள்ளி ஒன்று.

"கண்ணாடி போடாமலே முப்பத்தெட்டு பார் கரெக்ட்டா நிறுத்தியிருக்கே," என்றார் மேடம். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "என் கடையில, என் ரூல்ல, எல்லாரும் கையெழுத்துப் போட்டு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

சார் தன் டேப்பைச் சிலிண்டரிலிருந்து உரித்தார். 32 என்று இரண்டு கையெழுத்தோடு இருந்த டேப். உரிக்க உரிக்க நீளமாக வந்தது. அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புது டேப்பில் 36 என்று எழுதினார், கீழே 28 மீட்டர். இந்த முறை நாக்கு வெளியே வரவில்லை. கையெழுத்தும் ஒன்றுதான். வாட்சை எடுத்து நாலு தரம் அமுக்கினார். அது மறு பேச்சில்லாமல் இருபத்தெட்டு என்று மாற்றிக் காட்டியது.

"பார், ஒரு வருத்தம் இல்லை அதுக்கு," என்றார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "சார், இன்னும் ஒரு வழி இருக்குது. கலவையைக் கொஞ்சம் தெறந்து உட்டுட்டு, மேல வெறும் காத்து ஏத்தினா முப்பத்திரண்டு ஆயிடும். முக்கா மணி நேர வேலை. வேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னா..."

மேடம் சாரைத்தான் பார்த்தார்.

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதாவது, செய்யாத திருட்டுக்குப் பேர் வாங்கியாச்சு, இப்ப நெஜமாவே திருடிடலாம்ங்கறே."

"உங்களுக்குன்னுதான் சார்."

"வேண்டாம்பா." பையிலிருந்த டேப் சுருளைத் தொட்டுக்கொண்டார். "அப்பவே உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஏன் நாலு கொறையறதுன்னு கேட்டிருக்கணும். வேறே யார் சிலிண்டரா இருந்தாலும் கேட்டிருப்பேன். எனக்குப் பாறை வேணும், அதனால கேக்கலை. இனிமே பார்க்கறதானா அந்த மீன் நாலு மீட்டர் மேல வரட்டும்."

"வராது," என்றார்கள் அம்மா. "அதுக்கும் ஆம்படையா இருப்பா. போகாதேம்பா."

ஆறு மணிக்கு வேன் கிளம்பியது. சிலிண்டர்களை நானே ஏற்றினேன், கீழிறங்கிய தோளில்தான். அம்மா ஜன்னலோரம் வந்து சார் கையில் தூக்கைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "இருபத்தெட்டோ முப்பத்துமூணோ எனக்குத் தெரியாது. மல்லேஸ்வரம் எத்தனை மீட்டர்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

நான் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். "சார், அங்க போனதும் மெஷினை மறுபடி திருகணும். ஒசரத்துலேர்ந்து எறங்கறீங்க."

"இப்ப நீ எனக்கு லெவல் சொல்றே!" என்றார். வேன் திரும்பி மறைந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் தமயந்தி ஒரு மாசத்துக்குச் சேர்த்து என் தலையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் போனில் எனக்கு அழைப்பு வந்தது. காதெல்லாம் எண்ணெயோடு ஓடினேன்.

"உத்தமா! இங்க வெறும் காத்துல இருபத்துமூணு புள்ளி மூணு காட்டறது. நீ திருடினதெல்லாம் இங்கதான் கொண்டுவந்து கொட்டியிருக்கே!"

"திருகிட்டீங்களா சார்?"

"திருகியாச்சு. சிலிண்டர் முப்பத்தாறு. வாட்ச் முப்பத்தாறு. சாயங்காலம் ரெண்டாவது தடவைக்கும் மறக்காம போடுவேன். வேற என்ன ஒப்பிக்கணும்?"

"போதும் சார். எண்ணெய் கண்ணுல எறங்குது."

திங்கட்கிழமை மத்தியானம் சார் கடைக்கு வந்தார். மூக்குத் தோல் உரிந்து கறுத்துப்போயிருந்தார். இருபத்தெட்டில் வாட்ச் கத்தியதாம். மேடம் கையைப் பிடித்து இழுப்பதற்கு முன்னாலேயே தானாக நின்றுவிட்டதாகச் சத்தியம் செய்தார். மேடம் உள்ளேயிருந்து "பொய்" என்று குரல் கொடுத்தார். கீழே பாறையின் உச்சி தெரிந்ததாம். இடுக்கு தெரிந்ததாம். மீன்?

"வால்," என்றார். "வால் ஒரு தடவை அசைஞ்சது. முறம் அளவு இருக்கும்."

"ஆத்துல வந்து ரெண்டு முறம்னார்," என்றார்கள் அம்மா. "அடுத்த மாசத்துக்குள்ள முழு மீனும் மேலே வந்துடும், பாரேன்."

அவர்கள் கிளம்பிய பிறகு வேனிலிருந்து சாமான்களை இறக்கினேன். காலிச் சிலிண்டர்கள், ஈர உடுப்புகள், கடைசியாக அனலைசர் பெட்டி. திறந்தேன். குமிழின்மேல் ரோஹன் மறுபடி டேப் ஒட்டியிருந்தான். இந்த முறை சிவப்பு. எழுத்தும் முன்னதைவிடப் பெரிசு.

என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. பிரித்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.